முழங்காலில் 'கிரீஸ்' வற்றிவிடுகிறதா? மூட்டின் வழவழப்பும் குருத்தெலும்பும்

#1 வைகைக்கரை

"கிரீஸ் வத்திப்போச்சு, ஜவ்வு தேஞ்சுபோச்சு." ஐம்பதைத் தாண்டியவர் முழங்கால் வலி என்று போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். அதற்குப் பிறகு ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். ஒருவர் மூட்டுக்குள் ஊசி போடச் சொல்கிறார், இன்னொருவர் குளுக்கோசமின் மாத்திரை எழுதித் தருகிறார். வீட்டில் ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும். பக்கத்து வீட்டுக்காரர் "மாடிப்படியே ஏறாதீங்க" என்கிறார். மூட்டுக்குள் வழவழப்பைத் தருவது உண்மையில் எது? அது வற்றுமா? வற்றினால் வெளியிலிருந்து ஊற்ற முடியுமா? பொதுவான அறிவுரை வேண்டாம், அளவோடும் காரணத்தோடும் எழுதுங்கள்.

#2 உராய்வியல்

இயந்திரவியல் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். கிரீஸ் என்ற ஒப்புமையே ஆளைத் தப்பான திசையில் கூட்டிப்போகிறது. பேரிங்கில் இருப்பவை கெட்டியான இரும்புப் பரப்புகள், நடுவில் எண்ணெய்ப் படலம். எண்ணெய் போனால் பேரிங் போச்சு. முழங்காலில் உரசும் பரப்பே ஈரமான பஞ்சு. குருத்தெலும்பின் எடையில் 65 முதல் 80 விழுக்காடு தண்ணீர்தான். மிச்சம் கொலாஜன் நார்களாலான வலை, அந்த வலைக்குள் சிக்கிக்கிடக்கும் அக்ரிகன் என்ற மிகப் பெரிய மூலக்கூறு.

காலை ஊன்றும்போது அந்தத் தண்ணீர் பிதுங்கி வெளியே ஓடப் பார்க்கிறது. துளைகள் மிக நுண்ணியவை என்பதால் சட்டென்று ஓட முடியாது. உள்ளேயே அழுத்தம் ஏறி, முதல் கணங்களில் சுமையின் 90 விழுக்காட்டுக்கு மேல் அந்த நீரே தாங்கிவிடுகிறது. நார்வலையின் மேல் விழுவது சொற்பம். அதனால்தான் மூட்டின் உராய்வுக் குணகம் 0.001 முதல் 0.03 வரை மட்டுமே. எஃகின் மேல் டெஃப்லான் வழுக்கும்போதுகூட அது ஏறத்தாழ 0.04.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. அசையாமல் ஒரே இடத்தில் சுமையை வைத்துக்கொண்டே இருந்தால் நீர் மெல்ல மெல்லக் கசிந்துவிடும், சுமை நார்வலைக்கு மாறும், உராய்வு ஏறும். ஆய்வகத்தில் குருத்தெலும்புத் துண்டைக் கண்ணாடியின் மேல் அழுத்திவைத்தால் பல நிமிடங்களில் உராய்வு பத்து மடங்குக்கு மேல் கூடுவதைப் பார்க்கலாம். சுமையை எடுத்தால் அக்ரிகனின் எதிர்மின்னூட்டம் நீரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். நடையில் நடப்பது இதுதான்: ஊன்றும்போது கொஞ்சம் கசிவு, தூக்கும்போது நிரப்பல். பரப்புகள் நடைவேகத்தில் வழுக்கும்போது அந்த வழுக்கலே ஓரங்களிலிருந்து நீரை உள்ளே தள்ளுகிறது என்றும் டெலவேர் பல்கலைக்கழகத்தின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்ப்பவருக்கு முழங்கால் ஏன் கனக்கிறது, அதே நேரத்தை நடந்து கழித்தவருக்கு ஏன் அவ்வளவு கனப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

#3 நுண்ணோக்கி

உராய்வியல் பஞ்சைப் பற்றி எழுதிவிட்டார். நான் மூட்டு நீரைப் பற்றி எழுதுகிறேன்.

நலமான முழங்காலில் மூட்டு நீர் அரை மில்லியிலிருந்து 4 மில்லிவரைதான் இருக்கும், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. பார்க்க முட்டையின் வெள்ளைக்கரு போல. அந்தக் கொழகொழப்பு ஹையலூரோனிக் அமிலத்தால் வருவது, மில்லிக்கு 2 முதல் 4 மில்லிகிராம். ஊசிமுனையிலிருந்து ஒரு சொட்டை விழவிட்டால் நாலைந்து சென்டிமீட்டராவது நூலாக இழுபட்டுத்தான் அறும். அழற்சியுள்ள மூட்டின் நீர் தண்ணீர் மாதிரி சொட்டுச் சொட்டாக விழும். கருவி எதுவும் இல்லாமல் கண்ணால் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம்.

வைகைக்கரை, "வற்றுமா" என்று கேட்டீர்கள். தேய்மானத்தில் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. நீர் கூடுகிறது. 20, 30 மில்லி சேர்ந்து முழங்கால் உப்பிக்கொள்வது சாதாரணம். அளவு கூடியும் தரம் குறைகிறது: ஹையலூரோனிக் அமிலத்தின் செறிவும் இறங்குகிறது, நீளச் சங்கிலிகளும் துண்டாகின்றன. குழம்பு வற்றவில்லை, நீர்த்துப்போகிறது.

இந்த அமிலம் ஒருமுறை நிரப்பி வைக்கும் சரக்கு இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். மூட்டு உறையின் உட்படலத்தில் உள்ள செல்கள் இதைச் சுரந்துகொண்டே இருக்கின்றன, பழையது நிணநீர் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. முயல் முழங்கால்களில் அளந்தபோது ஏறத்தாழ ஒரு நாளிலேயே பாதி புதிதாகிவிடுகிறது. வெளியிலிருந்து ஊற்றுவதைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கு தேவைப்படும்.

லூப்ரிசின் என்ற புரதமும் உண்டு. குருத்தெலும்பின் மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு, இரண்டு பரப்புகளும் நேருக்கு நேர் தொடும் இடங்களில் காப்பாற்றுவது இதுதான். இதைத் தரும் பிஆர்ஜி4 மரபணு பழுதான குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே விரல்கள் மடங்கி, பெரிய மூட்டுகள் வீங்கி, பின்னர் இடுப்பும் முழங்காலும் கெடுகின்றன. 1999இல்தான் காரணம் இந்த மரபணு என்று கண்டார்கள். ஹையலூரோனிக் அமிலம் இருந்தும் மூட்டு தப்பவில்லை. கொழகொழப்பு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

#4 வைகைக்கரை

நன்றி. அப்படியானால் எக்ஸ்ரேயில் "கேப் குறைஞ்சிருக்கு" என்று காட்டுவது எதை? நீரையா?

#5 மூட்டுமருத்துவம்

நீர் எக்ஸ்ரேயில் தெரியாது, குருத்தெலும்பும் தெரியாது. தெரிவது எலும்பு மட்டும். இரண்டு எலும்புகளுக்கும் நடுவே கருப்பாக இருக்கும் இடைவெளியை வைத்து, அங்கே இருக்க வேண்டிய இரண்டு குருத்தெலும்பு அடுக்குகளையும் மெனிஸ்கஸையும் ஊகிக்கிறோம். அதனால் படத்தை நின்றபடி எடுக்க வேண்டும். படுக்கவைத்து எடுத்தால் எடை விழாது, தேய்ந்த மூட்டிலும் இடைவெளி இருப்பது போலத் தெரியும். அறிக்கையில் "நின்ற நிலை" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தேய்மானத்தின் தரம் 0 முதல் 4 வரை (4 என்றால் மிகக் கடுமை) என்பது 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் இருவரும் வகுத்தது, இன்றும் அதுவே புழக்கத்தில் இருக்கிறது.

"ஜவ்வு" என்ற சொல்லில்தான் பெரிய குழப்பம். நம் ஊரில் எலும்புகளைப் பிணைக்கும் நாரும் (லிகமென்ட்) ஜவ்வு, மெனிஸ்கஸும் ஜவ்வு, குருத்தெலும்பும் ஜவ்வு. எந்த ஜவ்வு என்று கட்டாயம் கேளுங்கள், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. மெனிஸ்கஸ் என்பது பிறை வடிவ மெத்தை, சுமையைப் பரப்பிக் கொடுக்கிறது. உள்பக்க மெனிஸ்கஸை முழுக்க எடுத்துவிட்டால் எலும்புகள் தொடும் பரப்பு பாதிக்கும் கீழே குறைந்து, அழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 1948இலேயே ஃபேர்பேங்க் இப்படி எடுத்த முழங்கால்களில் வரும் எக்ஸ்ரே மாற்றங்களைப் பதிவு செய்துவிட்டார். இன்று முடிந்தவரை தைக்கிறார்கள், எடுத்தாலும் கிழிந்த ஓரத்தை மட்டும் எடுக்கிறார்கள்.

குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாததால் அது தேயும்போது நேரடியாக வலிக்காது. வலி அடியிலுள்ள எலும்பிலிருந்தும், வீங்கிய உறையிலிருந்தும், சுற்றுத் தசையிலிருந்தும் வருகிறது. எக்ஸ்ரேயில் தரம் 3 இருந்தும் வலியில்லாமல் நடப்பவர்களும், தரம் 1 இருந்து துடிப்பவர்களும் இருப்பது இதனால்தான். இரத்தக்குழாய் இல்லாததால் ஆறுவதும் கடினம். "ஒருமுறை அழிந்தால் மீளாது" என்ற கருத்தில் வில்லியம் ஹண்டர் 1743இல் எழுதினார். அதற்கு வேதியியல் சான்று 2016இல் வந்தது: அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் பரப்பிய கார்பன்-14 அளவை வைத்து முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜனை நாள்கணித்தபோது, வளரிளம் பருவத்துக்குப் பிறகு அது ஏறக்குறைய மாறுவதே இல்லை என்று தெரிந்தது. அக்ரிகன் புதுப்பிக்கப்படும், நார்வலை படாது. உள்ள வலையைக் காப்பாற்றுவதுதான் நம் கையில் இருக்கிறது.

#6 கொடிமுல்லை

இரத்தமே போகாத திசு என்றால் அதன் செல்களுக்குச் சோறு எங்கிருந்து? மூட்டு நீரிலிருந்துதானே?

#7 நுண்ணோக்கி

ஆமாம் தோழி. குளுக்கோஸும் ஆக்சிஜனும் மூட்டு நீரிலிருந்து ஊடுருவிப் பரவித்தான் செல்களை அடைகின்றன. சிறு மூலக்கூறுகள் தாமாகவே பரவும். பெரியவை உள்ளே போகவும் கழிவு வெளியேறவும் அழுத்தி விடும் அசைவு உதவுகிறது. அசைவே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தண்டுவடக் காயத்தால் கால் செயலிழந்தவர்களின் எம்ஆர்ஐ காட்டுகிறது: ஓராண்டுக்குள் முழங்கால் குருத்தெலும்பு அளக்கக்கூடிய அளவுக்கு மெலிகிறது. தேய்க்காமல் வைத்திருந்ததால் அது பிழைக்கவில்லை.

#8 நடைமேடை

ஆனால் 30 தடவை உட்கார்ந்து எழுந்தால் முழங்கால்சில்லின் குருத்தெலும்பு 6 விழுக்காடு மெலிகிறது என்று எம்ஆர்ஐ அளவீடு இருக்கிறதே. ஓட்டக்காரர்களுக்கும் இதேதான். அப்படியென்றால் பயிற்சியே தேய்க்கிறது என்றுதானே பொருள்?

#9 உராய்வியல்

அளவு சரி, முடிவு தவறு. அந்த 6 விழுக்காடு பிதுங்கிய நீர். ஒன்றரை மணி நேரம்போல ஓய்வு கொடுத்தால் திரும்பிவிடுகிறது. பஞ்சை அழுத்தினால் மெலியும், அதற்காகப் பஞ்சு தேய்ந்தது என்று சொல்லமாட்டோம்.

ஓட்டம் பற்றி 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இடுப்பு, முழங்கால் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காடு, ஓடாதவர்களில் 10.2, போட்டிகளுக்காக ஓடுபவர்களில் 13.3. ஒல்லியாக இருப்பவர்கள்தான் ஓட வருகிறார்கள் என்பதும் இதில் கலந்திருக்கும், ஓட்டமே மருந்து என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மிதமான ஓட்டம் மூட்டைத் தின்றுவிடும் என்ற பயத்துக்கு மட்டும் இடமில்லை.

#10 இயன்முறைக்கூடம்

இனி என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். "வாக்கிங் போங்க" என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்புவது எனக்கு ஒப்பாது, ஏனென்றால் முழங்காலுக்கு முதல் அதிர்வுதாங்கி தொடையின் முன்தசை. அதை விட்டுவிட்டு நடையை மட்டும் கூட்டினால் வீக்கம்தான் கூடும்.

வீக்கம் இருக்கும்போது: ஆய்வில் முழங்காலுக்குள் 20 முதல் 30 மில்லி உப்புநீர் செலுத்தினாலே தொடையின் உள்பக்கத் தசை சோர்ந்துவிடுகிறது. 50, 60 மில்லி போனால் மற்ற முன்தசைகளும் அடங்குகின்றன. வலியே இல்லாமலும் இது நடக்கும். "கால் மடங்கி விட்டுப்போகுது" என்பார்களே, பல நேரம் காரணம் இதுதான். ஆகவே வீங்கிய நாட்களில் உட்கார்ந்து எழும் பயிற்சி வேண்டாம். காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடியுங்கள். 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும். சுகமாக இருக்கிறது என்று இரவெல்லாம் தலையணையை முழங்காலுக்கு அடியில் வைத்துத் தூங்குவதுதான் நான் திரும்பத் திரும்பத் தடுக்கும் பழக்கம். சில வாரங்களில் முழங்கால் முழுக்க நீளாமல் போகும். நீளாத காலால் நடந்தால் தசை எந்நேரமும் இறுகியே இருக்கும், மூட்டின் அழுத்தமும் குறையாது.

வீக்கம் தணிந்ததும்: நேராகக் காலைத் தூக்குதல் (மற்றக் காலை மடக்கி, ஒரு சாண் உயரம், 5 விநாடி), 10 வீதம் மூன்று சுற்று. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுதல், 8 முதல் 10 தடவை, இரண்டு சுற்று. நாற்காலி தாழ்வாக இருந்தால் மேலே ஒரு தடித்த மெத்தை போடுங்கள், உயரம் கூடினால் முழங்கால்சில்லின் சுமை குறையும். பிறகு மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குதல், பக்கவாட்டில் காலைத் தூக்குதல். இடுப்புப் பக்கத்தசை பலமில்லாவிட்டால் முழங்கால் உள்ளே சாய்ந்து, தேய்ந்த பக்கத்திலேயே சுமை விழும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் செய்துவிட்டுத்தான் பலிக்கவில்லை என்று சொல்ல வேண்டும், பத்து நாளில் சொல்லக்கூடாது.

வலிக்கு ஓர் அளவுகோல்: பூச்சியம் முதல் பத்துவரை. பயிற்சியின்போது ஐந்துவரை போகலாம், ஆனால் 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். டென்மார்க்கில் 2013 முதல் நடக்கும் கிளாட் என்ற மூட்டுத் தேய்மானப் பயிற்சித் திட்டத்தில் இதே முறைதான்.

சைக்கிள் மிதிப்பது நல்லது, இருக்கை மட்டும் தாழ்வாக இருக்கக்கூடாது. பெடல் கீழே வந்த நிலையில் முழங்கால் 25 முதல் 35 பாகைவரை மட்டுமே மடங்கியிருக்கட்டும். தெருவில் பார்க்கும் சைக்கிள்களில் பாதி இதைவிட மிகத் தாழ்வு.

#11 கொடிமுல்லை

சம்மணம், இந்தியக் கழிப்பறை, மாடிப்படி மூன்றையும் விட்டுவிடச் சொல்கிறார்களே?

#12 மூட்டுமருத்துவம்

செயற்கை மூட்டுக்குள்ளேயே உணரிகளை வைத்து பெர்லினில் அளந்திருக்கிறார்கள். சமதளத்தில் நடக்கும்போது முழங்காலில் விழுவது உடல் எடையின் 2.6 மடங்கு. படியேறும்போது 3.2, இறங்கும்போது 3.5. 80 கிலோ உள்ளவர் படியிறங்கினால் ஒவ்வோர் அடியிலும் 280 கிலோ. ஆழமாகக் குந்தும்போது சுமை இன்னும் கூடும், அதுவும் முழங்கால்சில்லின் பின்பக்கத்தில். பெய்ஜிங்கில் முதியவர்களிடம் எடுத்த ஆய்வில், இளமையில் நாளுக்கு மணிக்கணக்கில் குந்தியிருந்தவர்களுக்கு முழங்கால் தேய்மானம் அதிகம் என்று 2004இல் வெளியிட்டார்கள்.

என் கருத்து: தரம் 3, 4 என்றால் குந்தும் கழிப்பறையை மாற்றிவிடுங்கள், அதில் தயக்கம் வேண்டாம். சம்மணத்தைக் குறையுங்கள்.

#13 இயன்முறைக்கூடம்

சம்மணத்தில் டாக்டரோடு கொஞ்சம் வேறுபடுகிறேன். தரம் 1, 2 உள்ளவர் தரையில் உட்காருவதை முற்றிலும் நிறுத்தினால், மடங்கும் கோணம் ஆண்டுக்கு ஆண்டு குறுகுகிறது. பிறகு தவறி விழுந்தால் தரையிலிருந்து எழவே முடியாமல் போகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை காலை நீட்டிக்கொண்டால் போதும். தடை போடுவதானால் மணிக்கணக்கில் அசையாமல் இருப்பதற்குப் போடுங்கள். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து, வலிக்கும் காலை முதலில் கீழே வையுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில்.

#14 மூட்டுமருத்துவம்

ஏற்கிறேன். தரம் 1, 2க்கு நீங்கள் சொன்னதே சரி.

எடையைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்தார்கள். 5 கிலோ இறக்கினால் அடிக்கு 20 கிலோ. நாளுக்கு 6,000 அடி நடப்பவருக்கு ஒரு காலுக்கு 3,000. ஒரு நாளில் ஒரு முழங்காலிலிருந்து மொத்தம் 60 டன் இறங்குகிறது. எந்த மாத்திரையும் இதற்குப் பக்கத்தில் வராது. செமாகுளுடைட் ஊசி போட்டு எடை குறைத்தவர்களுக்கு முழங்கால் வலி, வெற்றூசி (மருந்தில்லாத ஊசி) போட்டவர்களைவிடத் தெளிவாகக் குறைந்ததாக 2024இல் வெளிவந்த 68 வார ஆய்வும் காட்டியது. அது உடல்பருமன் உள்ளவர்களிடம் செய்தது, எல்லோருக்கும் பொருந்தாது.

#15 வைகைக்கரை

மாத்திரை, சூப், ஊசி?

#16 நுண்ணோக்கி

ஆட்டுக்கால் சூப்பில் இருப்பது வெந்து கரைந்த கொலாஜன். குடலில் அது அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைகிறது. அந்தத் துண்டுகளுக்கு முழங்காலின் முகவரி தெரியாது. புரதம் என்ற வகையில் நல்ல உணவு, அவ்வளவுதான். பிரண்டையும் அப்படியே: எலும்பு முறிவைப் பற்றி விலங்குகளில் ஆய்வுகள் உண்டு, மனித முழங்காலில் குருத்தெலும்பை மீட்டதாகக் காட்டிய பெரிய ஆய்வு இல்லை. புளி சேர்த்து நன்றாக வதக்குங்கள், இல்லாவிட்டால் ஆக்சலேட் படிகங்கள் நாக்கையும் தொண்டையையும் அரிக்கும்.

குளுக்கோசமின் 1,500 மில்லிகிராம், காண்ட்ராய்டின் 1,200 மில்லிகிராம் இரண்டையும் 1,583 பேரிடம் 24 வாரம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2006இல் வந்தது. மொத்தக் குழுவில் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 விழுக்காட்டினருக்கு வலி குறைந்தது. "எனக்குக் கேட்டுச்சே" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை என்பதை இந்த எண் விளக்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குளுக்கோசமினைத் தவிர்க்க வேண்டும், இரத்தம் உறையாமை கூடும். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் அது எதிலிருந்து எடுத்தது என்று பார்க்க வேண்டும்.

#17 மூட்டுமருத்துவம்

ஊசியில் மூன்று வகை.

ஸ்டீராய்டு: சில வாரங்களுக்கு வலியும் வீக்கமும் குறையும். வாடிக்கையாகப் போடக்கூடாது. 140 பேரிடம் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு 40 மில்லிகிராமை அல்லது உப்புநீரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டு போட்டார்கள். 2017இல் வந்த முடிவு: குருத்தெலும்பு 0.21 மில்லிமீட்டர் மெலிந்தது, உப்புநீர் போட்டவர்களுக்கு 0.10. வலியில் வேறுபாடு இல்லை.

ஹையலூரோனிக் அமிலம், அதாவது அந்தக் "கிரீஸ் ஊசி": நுண்ணோக்கி எழுதிய கணக்கை இங்கே வையுங்கள். சாதாரண வகை சில நாட்களில் வெளியேறிவிடும், குறுக்கிணைப்பு செய்த வகை கூடுதலாகச் சில நாள் நிற்கும். 2022இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வின்படி, வெற்றூசியைவிடக் கிடைக்கும் பலன் நோயாளி உணரும் அளவுக்குப் பெரிதில்லை, கடுமையான பக்கவிளைவுகள் சற்று அதிகம். இவ்வளவு செலவு வைக்கும் ஊசியை முதல் வழியாகச் சொல்வது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

பிஆர்பி, அதாவது நோயாளியின் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா: 288 பேரிடம் செய்த ஆஸ்திரேலிய ஆய்வு, 2021. ஓராண்டு முடிவில் வலியிலும் குருத்தெலும்பின் கனஅளவிலும் உப்புநீரைவிட மேம்பாடு இல்லை.

வலிக்கு நான் முதலில் எழுதுவது பூசும் டைக்ளோஃபெனாக். ஒரு விழுக்காடு ஜெல் என்றால் முழங்காலுக்கு ஒரு தடவை 4 கிராம், நாளைக்கு நான்கு தடவைவரை. 30 கிராம் குழாய் இரண்டு நாளில் தீரும் கணக்கு. பட்டாணி அளவு தடவிவிட்டுப் பலனில்லை என்பார்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதயநோய் உள்ளவர்கள் வலி மாத்திரையைக் கடையில் தாமாக வாங்கவே கூடாது. ஜெல்லையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே பூச வேண்டும்.

#18 நடைமேடை

சொடக்கு?

#19 உராய்வியல்

மூட்டு நீரில் கரைந்திருக்கும் வாயு, பரப்புகள் பிரியும்போது குமிழியாவதன் சத்தம். 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் எம்ஆர்ஐ ஓடும்போதே படம்பிடித்தார்கள். வாயு திரும்பக் கரைய இருபது நிமிடம்போல ஆகும், அதுவரை அதே விரல் மறுபடி சொடக்காது. வலியோ வீக்கமோ இல்லாத சத்தத்துக்குக் கவலை வேண்டாம்.

#20 நுண்ணோக்கி

எப்போது இந்த இழையை மூடிவிட்டு ஓட வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன். காய்ச்சலோடு ஒரே மூட்டு சிவந்து, சுட்டு, அசைக்கவே முடியாமல் போனால் அன்றைக்கே மருத்துவமனை. நீரை உறிஞ்சிப் பார்த்தால் நலமான மூட்டில் ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணு 200க்குக் கீழே. தேய்மானத்தில் 2,000க்குக் கீழே. 50,000ஐத் தாண்டினால் சீழ் என்றே முதலில் எண்ண வேண்டும், சில நாட்களிலேயே குருத்தெலும்பை அது கரைத்துவிடும். காலை எழுந்ததும் இறுக்கம் அரை மணிக்குள் விட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணிக்கு மேல் நீடித்து, இரண்டு கை விரல்களும் வீங்கினால் முடக்குவாதத்துக்குப் பரிசோதனை தேவை. சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் நிற்கும் வீக்கமும் இதே தோற்றத்தில் வரும், அதனால் காய்ச்சல் வந்த தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

#21 வைகைக்கரை

கடைசியாக ஒன்று. வலது முழங்கால் வலி என்றால் கைத்தடி எந்தக் கையில்? கடைக்காரரே வலது கையில் கொடுத்து அனுப்புகிறார்.

#22 இயன்முறைக்கூடம்

இடது கையில். வலது காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் பிடி வர வேண்டும். பிடித்தபோது முழங்கை 15 முதல் 20 பாகை மடங்கியிருக்கும். அடியிலுள்ள ரப்பர் குமிழ் வழவழத்துப்போனால் உடனே மாற்றுங்கள், ஈரத்தரையில் அது வழுக்கும்.